பத்தில் ஒன்று

யுவாஸ்கூலாவில் டிசம்பர்.
மதியம் மூன்றடிக்கும் முன்பே
சூரியன் கடையைக் கட்டிவிடுகிறது.
எங்களுக்கு அது வசதிதான்.
அடித்தளத்து அறையில் பச்சை விளக்கின் கீழ்
வேலை செய்கிறோம், நானும் தைமியும்.
குப்பியில் இருப்பதற்குச் சிவப்புதான் வெளிச்சம்;
பச்சை, அதன் கணக்கில், ஏறக்குறைய இருட்டு.

போன வாரம் ஏரிப் பாலத்தில் தைமி வழுக்கி விழுந்தாள்.
முழங்காலில் கன்றியது ஊதாவாகி
இப்போது பச்சை.
காபி அறையில் கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினாள்:
"பார், நம்முடைய மாதிரி!"
பொய்யில்லை.
செத்த குருதியில் ஊறும் அதே பித்தப் பச்சையைத்தான்
பாக்டீரியா ஒன்று தன் புரதத்துக்குள்
கண்மணி போலப் பொதிந்து வைத்திருக்கிறது.

வேலை, சொல்வதற்கு எளிது.
முதல் துடிப்பு தட்டும்.
இரண்டாவது பின்னாலேயே வந்து விசாரிக்கும்:
இப்போது எப்படி இருக்கிறாய்?
இடைவெளி ஒரு கண்ணாடியின் கையில்.
ஒரு தலைமுடியின் பருமன் அதைப் பின்னுக்குத் தள்ளினால்
ஒளி அரைப் பைக்கோநொடி தாமதமாக வரும்.
மகரக்குறுக்கத்தின் கால் மாத்திரை
இங்கே ஓர் ஊழி.
அதற்குள் நிறமி புரண்டு படுத்து,
புரதத்தின் நாக்கு மடிப்பு மாறி,
எல்லாம் முடிந்து ஊர் அடங்கியிருக்கும்.

ஒன்பது இரவு, வரவேண்டிய மேடு வரவில்லை.
லேசரைத் திட்டினோம்.
கண்ணாடிகளை, பம்பை, உப்புக்கரைசலை,
புரதம் பிரித்தெடுத்த ஆளை
(அது நான்தான்) திட்டினோம்.
தைமி ஒரு திருகைக் கழற்றி,
திரும்ப மாட்டி,
திரும்பவும் கழற்றினாள்.

பத்தாம் இரவு பச்சை விளக்கு பட்டென்று உயிரை விட்டது.
அசல் இருட்டு.
அதில், பம்புக்குப் பின்னால்,
புதிதாக வாங்கிய நீட்டிப்புப் பெட்டியின் சுவிட்சில்
ஒரு சிவப்புப் புள்ளி.
மிளகளவு.
வரிசையில் நின்ற ஒவ்வொரு மூலக்கூறையும்
எங்களுக்கு முன்பே எழுப்பிவிட்டு
ஒன்றும் தெரியாதது போல் எரிந்துகொண்டிருந்தது.
பல லட்சம் யூரோ கருவி கொண்டு நாங்கள் தட்டிய கதவு
ஏற்கெனவே திறந்து கிடந்திருக்கிறது.

தைமி சொன்ன வசவை எழுத மாட்டேன்.
கறுப்பு நாடா, இரண்டு விரல் நீளம், போதுமாயிருந்தது.

காலை ஏழுக்கு
(விடிய இன்னும் இரண்டரை மணி நேரம்)
கோடு எழுந்தது.
மேடு, சரிவு, பிறகு ஒரு பள்ளம்:
ஓரத்து வளையம் ஒன்று
கீலில் ஆடும் கதவாக முறுக்கிக்கொண்டு
மறுபக்கம் காட்டுகிறது.
அச்சிட்டுச் சுவரில் ஒட்டினாள்,
கோணலாக.

இதைப் படம் பிடித்தோம் என்று சொல்லாதீர்கள்.
எந்த மூலக்கூறையும் முழுக்கப் பின்தொடரவில்லை நாங்கள்.
ஒவ்வொன்றும் தன் ஒரே ஒரு கணத்தைக் காட்டிவிட்டுக்
குழாயோடு போயிற்று.
எண்ணற்றவை விட்டுச்சென்ற துணுக்குகளைத் தைத்து
எதுவுமே தனியாக ஆடிக்காட்டாத ஆட்டத்தை
ஆட்டம் என்கிறோம்.

இன்னொன்று.
கட்டுரையில் ஒரு சின்ன எண்ணாக வரும், யாரும் நின்று படிக்க மாட்டார்கள்:
தட்டி எழுப்பியவற்றில்
பத்தில் ஒன்றுதான் ஏறக்குறைய திரும்பியது.
மீதி, ஒளியை முழுசாக வாங்கிக்கொண்டு,
கொஞ்சம் நெளிந்து,
வாங்கியதை வெதுவெதுப்பாகக் கைவிட்டு,
பழைய இடத்திலேயே
பழையபடி.

தூக்கம் கண்ணைக் கட்ட வீடு திரும்பினோம்.
பாலத்தில் புதுப் பனி.
தைமி முன்னால் போனாள், நொண்டி நொண்டி,
விழுந்த அதே இடத்தை
இந்த முறையும்
கைப்பிடியைத் தொடாமலே
தாண்டி.